ஞாயிற்றுக்கிழமை நோயாளி

வாரத்தில் ஆறு நாள்கள் அவருக்கு உடம்பு என்ற ஒன்று கிடையாது. ஏழாம் நாள் மட்டும் இருந்தது. பல் வலித்தாலும், முழங்கால் வீங்கினாலும், தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்டு விரல் கிழிந்தாலும் அவருடைய மறுமொழி ஒன்றுதான்: "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

உதகைக்கு அப்பால், நடுவட்டத்துக்குக் கீழே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில், பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் நிற்கும் லயத்தில், எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. எங்கள் சமையலறைச் சுவரின் மறுபக்கம் அவருடைய சமையலறைச் சுவர். நான் அவரைச் சின்னம்மா என்று அழைத்தேன். அந்த உறவு இரத்தத்தால் வந்ததன்று; சுவரால் வந்தது. அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். ஆகவே பால் ஊற்றாத தேநீரை அவர் 'சாயத்தண்ணி' என்பார். கொழுந்து பறிக்கப் போவதை 'மலைக்குப் போறேன்' என்பார்.

அவருடைய மாமியார் ஒரு புதன்கிழமை இறந்தார். அன்றே அடக்கம் முடிந்தது. வியாழனன்று காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது சின்னம்மா கூடையோடு நின்றார். வெள்ளி, சனி இரண்டு நாள்களும் நின்றார். கல் நெஞ்சக்காரி என்று லயமே பேசியது. ஞாயிறன்று துணி துவைத்து, காய வைத்து, வாசற்படியில் அமர்ந்து, திடீரென்று பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினார். என் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

"என்னாச்சு தங்கச்சி? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒன்னுமில்லக்கா. மாமிக்குத்தான். இப்பத்தான் நேரம் கெடச்சுச்சு."

மதியம் வரை அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சோறு வைத்தார். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் எங்கள் லயத்தில் இல்லை. நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த ஆறு நாள்கள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லாமல் அவரைச் சொல்லிவிட முடியாது. தேயிலைச் செடியை இடுப்புயரத்துக்கு மேல் யாரும் வளர விடுவதில்லை. எனவே மலைச்சரிவு முழுவதும் பச்சை விரிந்திருக்கும். ஒரு பெண் மறைந்து உட்கார அதில் ஓரிடம் இராது. மேலே சாலையில் சூப்பர்வைசர் நிற்பார். கீழே சோலைக்காட்டின் ஓரத்தில் மறைவு உண்டு. ஆனால் அங்கே காட்டுமாடு நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வேலை செய்கிற பெண்கள் கண்ட தீர்வு எளியது: தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் ஒரு குவளை சாயத்தண்ணி, மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர். இடையில் தொண்டை காய்ந்தால் வெற்றிலை. அதனால் நீர்க்கடுப்பு என்பது எங்கள் லயத்தில் நோயாகவே எண்ணப்படவில்லை. மழைக்கும் அட்டைக்கும் அடுத்தபடியாக, வேலையோடு சேர்ந்து வருவதாகவே அது இருந்தது.

வலி பொறுக்க முடியாமல் போனால் டிஸ்பென்சரிக்குப் போவார்கள். அங்கே பத்து மாத்திரை கொடுப்பார்கள்: காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சின்னம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொள்வார். அவரைப் போல் பணிவான நோயாளி வேறு யாரும் இல்லை என்று அங்கிருந்த நர்ஸ் ஒருமுறை என் அம்மாவிடம் புகழ்ந்ததுண்டு.

அந்தப் பத்து மாத்திரைகளை அவர் ஐந்து நாள்களில்தான் விழுங்கினார். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஒருவகை மாத்திரை வயிற்றைப் புரட்டியது; இன்னொரு வகை வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தது. நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றுக்கும் உள்ள சாதாரணப் பக்கவிளைவுதான் அது. மருத்துவரின் மேசையில் அது ஒரு சிறு எச்சரிக்கை. இருபது பேர் வரிசையாக நிற்கும் மலைச்சரிவில் அது வேறு. கலங்கிய வயிற்றோடும், மருந்துக்காகக் குடித்த தண்ணீரோடும் அந்தப் பெண் எங்கே போவாள்? இந்தக் கேள்விக்கு டிஸ்பென்சரியில் பதில் இல்லை. சின்னம்மாவிடம் இருந்தது. கக்கூஸ் பக்கத்தில் இருக்கும் நாளில் மருந்து. மற்ற நாள்களில் வேலை.

ஆகவே ஞாயிறுதோறும் அவர் முறையாக நோயாளி ஆனார். காலையில் இட்லிக்குப் பிறகு ஒரு மாத்திரை. ஐந்து பாட்டில் தண்ணீரை நிரப்பி, சுவரோரம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகக் குடித்து முடிப்பார். இரவு இன்னொரு மாத்திரை. திங்களன்று எரிச்சல் சற்றுக் குறைந்திருக்கும். அதைக் கண்டு மருந்து வேலை செய்கிறது என்று நம்பினார். புதன்கிழமை எரிச்சல் திரும்பி வரும். அதற்கு மருந்தைக் குறை சொல்லமாட்டார். "அதுக்கும் வாரம் முச்சூடும் வேலை இருக்காதா" என்பார்.

இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் எதையும் காணவில்லை.

அக்காலத்தில் நான் உதகைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தேன். பேச்சுமேடை என்றால் உயிர். எதிரணியின் வாதத்தை எடுத்து, அதைக்கொண்டே எதிரணியை வீழ்த்தக் கற்றிருந்தேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் அவை மூச்சடக்கும் என்பதையும் அறிந்திருந்தேன். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் ஒத்திகை பார்க்க எனக்கு ஓர் அவை தேவைப்பட்டது. ஞாயிறன்று நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்து தண்ணீர் குடிக்கும் சின்னம்மாவைவிடப் பொருத்தமான அவை எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு போட்டியின் தலைப்பு நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பற்றியது. இரண்டு வாரம் நூலகத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். எந்த மருந்து எந்த நோய்க்கு, எத்தனை மணிக்கு ஒருமுறை, சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் அது ஏன் பயன்படாது, வேளை தவறினால் கிருமி எப்படிப் பலம் பெறும் என அனைத்தையும் மனப்பாடம் செய்தேன். அந்த ஞாயிறு அவர் முன் நின்று, கை உயர்த்தி முழங்கினேன்: "வேளை தவறிய மருந்து கிருமியைக் கொல்வதில்லை, அது கிருமிக்குப் பயிற்சி அளிக்கிறது!"

சின்னம்மா கையில் இருந்த மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கேட்டார்: "கிருமிக்கு ட்ரெய்னிங்கா? அப்ப அதுக்கு ஞாயித்துக்கெழம லீவு உண்டா புள்ள?"

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"பேச்சு நல்லா இருக்கு. கை ஆட்டத்த மட்டும் கொறச்சுக்க. மாடு வெரட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

கையசைவைக் குறைத்துக்கொண்டேன். முதல் பரிசு கிடைத்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மலையில் அவருக்குக் குளிர் கண்டது. உடன் இருந்த பெண்கள் தங்கள் பிளாஸ்டிக் படுதாக்களைப் போர்த்திவிட்டார்கள். முதுகின் ஒரு பக்கம் கத்தி வைத்தாற்போல் வலிக்கிறது என்றாராம். வீட்டுக்குப் போகச் சொன்னதற்கு, "இன்னும் ரெண்டு நாளுதானே, ஞாயித்துக்கெழம வந்துரும்" என்றாராம். சனிக்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் மூட்டையோடு சாய்ந்தார். எஸ்டேட் ஜீப்பில் உதகைக்குக் கொண்டுபோனோம்.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் பார்த்தார். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது என்றார். முன்பு என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். சின்னம்மாவின் வீட்டிலிருந்து எடுத்து வந்த பையை நான் பெருமையோடு நீட்டினேன். அதில் காலி அட்டைகளும் பாதி அட்டைகளுமாக மூன்று வகை மருந்துகள் இருந்தன.

"இதையெல்லாம் எப்பப்ப சாப்பிட்டீங்கம்மா?"

"ஞாயித்துக்கெழமங்க."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"எல்லா ஞாயித்துக்கெழமயுந்தாங்க."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. "ஆறு நாளு ஏன் சாப்பிடல?" என்று மட்டும் கேட்டார். சின்னம்மா காரணத்தைச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசு பெற்ற என் பேச்சு முழுவதையும் அந்த ஒரு பை மறுத்துக்கொண்டிருந்தது.

முதலில் போட்ட ஊசிக்குக் காய்ச்சல் அசையவில்லை. ஐந்தாம் நாள் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. மருந்துகளின் நீண்ட பட்டியல் அதில் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு எதிரே, இது பயன்படாது என்ற குறி. எஞ்சிய சிலவற்றுள் அமிகாசின் என்னும் ஊசி மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுத்தார். நாளுக்கு ஒன்றாகப் பத்து நாள். என்னையும் கட்டிலருகே அழைத்து, இருவரிடமும் சொன்னார்:

"இது நல்ல மருந்துங்க. ஆனா காதையும் கிட்னியையும் தொடும். கிட்னிக்கு நாங்க ரத்தம் எடுத்துப் பாத்துக்குவோம். காதுல எரைச்சல், தலைசுத்தல், சரியா கேக்காத மாதிரி எது இருந்தாலும் அன்னைக்கே சொல்லணும். நிறுத்திட்டு வேற வழி பாத்துக்கலாம். சரிங்களா?"

"சரிங்க" என்று நான் சொன்னேன். சின்னம்மா தலையசைத்தார்.

அவருடைய மகன் திருப்பூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். கல்லூரி விடுமுறை, பெண்கள் வார்டு, ஆகவே துணைக்கு நான் தங்கினேன்.

நான்காம் ஊசியோடு காய்ச்சல் முற்றாக இறங்கியது. மறுநாள் காலை நான் தேநீர் வாங்கி வருவதற்குள் அவர் போர்வையை மடித்து, பையைக் கட்டி, கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்தார்.

"காச்ச நின்னுருச்சு புள்ள. நாளைக்குத் திங்கக்கெழம. பெரட்டுக்குப் போகணும். மிச்ச ஊசிய வாராவாரம் வந்து போட்டுக்குறேன்."

என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறந்த உரை அதுதான். ஒலிபெருக்கி இல்லை, நடுவர் இல்லை. பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. கிருமியைப் பற்றிச் சொன்னேன். சிறுநீரகத்தைப் பற்றிச் சொன்னேன். திருப்பூரில் இருக்கும் மகனைப் பற்றிச் சொன்னேன். அவர் பையின் முடிச்சை அவிழ்க்கவில்லை. இறுதியாக, குரலைத் தாழ்த்தி, எந்த மருத்துவரும் சொல்லாத, எந்த நூலிலும் இல்லாத ஒன்றை, அந்த நொடியின் தேவைக்காக நானே உண்டாக்கிச் சொன்னேன்:

"ஒரே ஒரு ஊசி நின்னாலும் போட்டதெல்லாம் வீணு, சின்னம்மா. மறுபடி முதல்லருந்து பத்து ஊசி போடணும்."

அவை மூச்சடக்கியது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மாள், "ஏங்கண்ணு, நீ எலெக்சன்ல நிக்கப் போறியா?" என்றார். வார்டே சிரித்தது. சின்னம்மாவும் சிரித்தார். பையை மெல்ல அவிழ்த்தார்.

"சரி புள்ள. பத்தும் போட்டுட்டே வாறேன். நடுவுல நிறுத்தச் சொல்லமாட்டேன்."

பிறந்ததிலிருந்து தம் உடம்புக்கென்று ஒரு திங்கட்கிழமையைக்கூடக் கொடுத்தறியாத அந்தப் பெண், அன்று அதற்கு ஒரு வாரத்தைக் கொடுத்தார். அந்த வெற்றியில் நான் நிமிர்ந்து நடந்தேன்.

ஒவ்வொரு காலையும் மருத்துவர் கட்டிலருகே வந்து கேட்பார்: "ஏனுங்கம்மா, காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதுங்களா? தலைசுத்தல்?" சின்னம்மா வாய் திறக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்வார். மருத்துவருக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ கட்டில்கள். அந்த இடைவெளியை நான் நிரப்புவேன்: "இல்லைங்க டாக்டர், எந்தத் தொந்தரவும் இல்லை." தெளிவான உச்சரிப்பு, சுருக்கமான விடை. மருத்துவர் சின்னம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அவர் தலையசைப்பார். குறித்துக்கொண்டு நகர்வார்.

ஆறாம் ஊசி போட்ட அன்று பிற்பகல் சின்னம்மா கேட்டார்: "இங்க எந்நேரமும் சில்வண்டு கத்துதே, எங்கருந்து?"

நான் அடுத்த போட்டிக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். "வெளியில மரம் நெறைய இருக்குல்ல" என்றேன்.

சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்டார். "ஊசிய நிறுத்துனா நெசமாவே முதல்லருந்தா புள்ள?"

"ஆமா சின்னம்மா" என்றேன். தலை நிமிரவில்லை.

அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

பத்து ஊசிகளும் முடிந்தன. தொற்று நீங்கியது, சிறுநீரகம் தப்பியது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவர் சன்னலோரம் அமர்ந்திருந்தார். நடத்துநர் அவர் தோளருகே நின்று, "நடுவட்டங்களா? ஏனுங்கம்மா, நடுவட்டங்களா?" என்று மூன்று முறை கேட்டார். சின்னம்மா வெளியே பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது முறை நடத்துநர் கம்பியைத் தட்டினார். அதிர்வை உணர்ந்துதான் அவர் திரும்பினார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. அன்று மரத்தில் வண்டு இல்லை.

மறுநாளே திரும்ப அழைத்துச் சென்றேன். காதைச் சோதித்தார்கள். இரு காதுகளிலும் கேட்கும் திறன் பெரிதும் குறைந்திருந்தது. மெல்லிய ஒலிகளும் கூர்மையான ஒலிகளும் அவரை எட்டவில்லை. இரைச்சல் மட்டும் ஓயவில்லை. "எரைச்சல் ஆரம்பிச்ச அன்னைக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போம். தெனமும் கேட்டேனுங்களே" என்றார் மருத்துவர். அவர் பார்த்தது என்னை. ஒரு மாதம் கழித்து மறுபடி சோதிப்போம், சிலருக்குச் சற்றுத் திரும்பலாம், அதுவரை ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மாதத்தில் ஒரு நாள் அவர் எதிரே அமர்ந்து, அவர் என் வாயைப் பார்க்கும்படி அமர்ந்து, ஊசியை நிறுத்தினால் முதலிலிருந்து என்று மருத்துவர் ஒருபோதும் சொல்லவில்லை, அது என் கற்பனை என்றேன். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

"பொய்யா?"

"ஆமா."

குவளையில் மிச்சமிருந்த சாயத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "எவ்வளவு அழகா சொன்ன" என்றார். அதில் குத்தலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. களைத்த ஒருவர், நடந்ததை நடந்தபடி சொல்வதுபோல் இருந்தது. "ஆனா நீ சொல்லலன்னா அன்னைக்கே கெளம்பி வந்து செத்துருப்பேன். அதுவும் இருக்குல்ல" என்றும் சொன்னார். என் பயிற்சி அனைத்தையும் துணைக்கு அழைத்தும், அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நிற்க எனக்கு இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.

அவருக்கு இருந்த கவலை வேறு. சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "காட்டுமாடு நிக்கிற மலைங்க. சத்தம் போட்டா திரும்பிப் பாக்கணும். கேக்காதவங்கள எப்பிடிங்க எறக்கறது? டாக்டர் சீட்டு இல்லாம முடியாதுங்க." அவரோடு கொழுந்து பறிக்கும் பெண்கள், தாங்கள் அவரை நடு நிரையில் நிறுத்திக்கொள்வதாகவும், மாடு வந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதாகவும் சொன்னார்கள். "எழுதிக் குடுங்க" என்றார் சூப்பர்வைசர். "யாரு எழுதறது? நாங்க எழுதப் படிச்சிருந்தா உங்ககிட்ட ஏன் நிக்கிறோம்?" என்று அவர்கள் சண்டைக்குப் போனார்கள். சீட்டு வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

மாதம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை மீண்டும் போனோம். அதே சோதனை. மருத்துவர் தாளை நெடுநேரம் பார்த்தார். முகக்கவசம் அணிந்திருந்ததால் அவருடைய உதடுகள் தெரியவில்லை.

"மாற்றம் இல்லைங்க. போன கேக்கற சக்தி திரும்பாது. எரைச்சலும் இனி இருக்கும், பழகிக்கணும். காதுமெஷின் வெச்சா ஓரளவு ஒதவும். அதுக்கு எழுதித் தர்றேன்."

சின்னம்மா என் பக்கம் திரும்பினார். "என்னா சொல்றாங்க?"

என்னிடம் வாக்கியங்கள் இருந்தன. நாளடைவில் குறையும் என்று தொடங்கும் ஒன்று. நம்பிக்கையோடு இருக்கவேண்டும் என்று முடியும் ஒன்று. இரண்டும் நன்றாகவே அமைந்திருந்தன. நான் நாற்காலியை நகர்த்தி அவருக்கு நேரே உட்கார்ந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"போனது வராது, சின்னம்மா. சத்தமும் நிக்காது. மெஷின் வச்சா கொஞ்சம் கேக்குமாம்."

அவர் என் உதடுகள் ஓய்ந்த பிறகும் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"சரி. நாளைக்கு மலைக்குப் போலாமான்னு கேளு."

கேட்டேன்.